உறுப்பினர் எண் 412

கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்த பிறகுதான் இசக்கிப்பாண்டிக்கு உறைத்தது. இது லைப்ரரி புத்தகம் இல்லை.

"ஏட்டி சொக்கு! இங்கன வா."

அடுப்படியிலிருந்து வந்த சொக்கம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷப் போலீஸ் வேலையில், அரிவாளோடு நின்றவனையே "கீழ போடுலே" என்று ஒரே அதட்டலில் உட்கார வைத்த ஸ்பெஷல் எஸ்.ஐ. அவர். இப்போது ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவர் மாதிரி இருந்தார்.

"என்ன செஞ்சிய?"

"எழுதிட்டேன்."

"எதுல?"

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அட்டையில் தென்னந்தோப்பு, மழை, ஒரே குடைக்குள் இரண்டு பேர். 'இலஞ்சிக்கு வந்த இளந்தென்றல்', எழுதியவர் ஆனந்தவள்ளி.

சொக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனந்தவள்ளி இலஞ்சியில் இருக்கும் ரிட்டயரான டீச்சர். அவர் மகன் முத்துச்செல்வம் கடையத்தில் மாட்டு டாக்டர். அந்த டாக்டருக்குத்தான் இவர்கள் மகள் அனுசியாவை முக்கால்வாசி பேசி முடித்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். எல்லாம் ஒத்துவந்தால் அங்கேயே கை நனைப்பார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. வெறும் காப்பியோடு அனுப்பிவிட்டால், கல்யாணம் அந்தக் காப்பியோடு சரி.

இத்தனைக்கும் அது தானாகத் தேடி வந்த சம்பந்தம். தோப்பும் வயலும் உள்ள குடும்பம், தரகர் கிரகர் யாரும் இல்லாமல், ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்று "ஒங்க பொண்ண எங்களுக்குத் தருவியளா?" என்று கேட்டது. ஏன் என்று இசக்கிப்பாண்டிக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாலு மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்த அனுசியா இந்த டாக்டரைப் பார்த்ததும் "சரிப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஒரு மாதமாக வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அது தன்னால் நின்றுபோய்விடுமோ என்றுதான் அவர் பயந்தார்.

எல்லாம் பழக்கதோஷம். இருபது வருஷமாக அவர் தென்காசியில் கிளை நூலகம் ஒன்றில் உறுப்பினர். கொலைக் கதை மட்டும்தான் எடுப்பார். படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு அறிக்கை எழுதுவார். 'கைரேகையை இப்படி எடுத்தால் கழுதையின் குளம்புகூடப் பதியாது', 'நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் சமையல்காரன்தான் என்று தெரிந்துவிட்டது' என்று, அடுத்துப் படிக்கிறவன் தலையில் கல்லைப் போடுகிற அறிக்கை. அடியில் தன் உறுப்பினர் எண்ணையும் போடுவார்: 412. மொட்டைக் கடுதாசி எழுதுகிற ஆள் இல்லை அவர். 'புத்தகத்தில் எழுதாதீர்' என்ற பலகை தலைக்கு மேலேயே தொங்கும். நூலகர் நாசர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. காக்கிச் சட்டைக்கு மரியாதை என்று இசக்கிப்பாண்டி நினைத்துக்கொண்டிருந்தார்.

காதல் கதை என்றால் பத்தடி தள்ளி நிற்பார். பிணமும் கிடையாது, விசாரணையும் கிடையாது, அதில் என்ன இருக்கிறது படிக்க? ஆனால் இந்தப் புத்தகத்தை மாப்பிள்ளையின் அப்பா குற்றாலீஸ்வரன் ஸ்கூட்டரில் வந்து கையில் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கிழம வரும்போது படிச்சிட்டுக் கையோட கொண்டாரச் சொன்னா. மறந்துராதிய" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். கொடுத்த புத்தகத்தை யாராவது திருப்பிக் கேட்பார்களா? கேட்டார்கள். முதல் பக்கத்தில் 'அன்புள்ள அண்ணாச்சிக்கு' என்று கையெழுத்து வேறு. ஸ்டேஷனில் யார் கண்ணிலும் அட்டை படாமல் நியூஸ்பேப்பர் சுற்றி, மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். முடித்ததும் மூளைக்குத் தெரியாமல் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"என்ன எழுதித் தொலச்சிய? வாசிங்க."

இசக்கிப்பாண்டி வாசித்தார். "'குற்றம்: காதல். முகாந்திரம்: இல்லை. சாட்சி: தென்னை மரங்கள் மட்டும். கதாநாயகனுக்குப் பக்கம் 23-ல் இடது கையில் கட்டு. பக்கம் 31-ல் அதே கட்டு வலது கையில். இருநூறு பக்கமும் மழையில் நனைகிறார்கள், ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை...'"

"போதும்."

"இன்னும் இருக்கு. பங்குனி மாசத்துல..."

"போதும்ங்கேன்! மார்க்கு எத்தன?"

"மூணு."

"அஞ்சாது போட்டுருக்கலாம்லா? சம்பந்திக்குப் பாஸ் மார்க்கு போட்டா ஒங்க சொத்து கொறஞ்சா போவும்?"

மறுநாள் வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் ரைட்டரிடம் ஒயிட்னர் இரவல் வாங்கி வந்தார். எழுதியதன்மேல் பூசினார். சிவப்பு மை ஒயிட்னருக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. இன்னொரு பூச்சு. மூன்றாவது பூச்சில் எழுத்து மறைந்தது. அப்பாடா என்று புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார்.

அங்கேதான் தப்பு. சாரல் நாளில் கொடியில் போட்ட துணியே மூன்று நாளைக்குக் காயாது. சாயங்காலம் எடுத்துத் திறந்தால் கடைசித் தாள் பின்னட்டையோடு ஒட்டிக்கிடந்தது. மெல்லப் பிடித்து இழுத்தார். தாள் புத்தகத்தை விட்டு முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதில்தான் கதாநாயகி சம்மதம் சொல்கிறாள். இப்போது புத்தகத்தில் அவள் வாயைத் திறந்தபடி நின்றாள், சொன்னது இவர் கையில் இருந்தது.

கிழிந்த தாளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. தடயத்தை அழித்துப் பழக்கமில்லாத மனுஷன். ஒரு கவரில் போட்டு, ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"லைப்ரரில இந்தப் புஸ்தகம் இருக்கும்லா?" என்றாள் சொக்கம்மாள். "அதுல உள்ள கடைசித் தாள எடுத்து இதுல ஒட்டிருவோம்."

"ஏட்டி, அது அரசாங்கச் சொத்து. அதச் சேதப்படுத்துனா என்ன செக்ஷன் தெரியுமா?"

"ஒங்க மவ கல்யாணத்துக்கு என்ன செக்ஷன்?"

இசக்கிப்பாண்டி சனிக்கிழமை காலை நூலகத்தில் நின்றார்.

"எது வேணும் சார்? புதுசா ரெண்டு கொலைக் கதை வந்திருக்கு," என்றார் நாசர்.

இசக்கிப்பாண்டி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துப் புத்தகத்தின் பெயரைச் சொன்னார். நாசர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நீங்களா சார்? இந்தப் புஸ்தகமா?"

"ஏன், நான் படிக்கக் கூடாதா?"

"ஐயோ, தாராளமாப் படிங்க! ரெண்டு வருசமா அந்த அலமாரிப் பக்கம் நீங்க திரும்பிக்கூடப் பாத்ததில்லியே, அதான் கேட்டேன். எடுத்துட்டுப் போங்க. நல்லாப் படிங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. செவப்புப் பேனா இருக்குல்லா சார்?"

நன்றாகக் குத்திக் காட்டுகிறான் என்று இசக்கிப்பாண்டி நினைத்தார். ஆனால் நாசர் முகத்தில் இருந்தது கல்யாண வீட்டுக்காரரின் சந்தோஷம். அது எதற்கென்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. தேதிச் சீட்டைப் பார்த்தார். இரண்டு வருஷமாக மாதாமாதம் ஒரே ஆள், உறுப்பினர் எண் 88, அந்தப் புத்தகத்தை எடுத்து மறுநாளே திருப்பியிருந்தது தெரிந்தது. வேறு ஒரு ஈ காக்கா தொடவில்லை. நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற மனுஷர் அதைப் பார்த்து, "எவனோ கிறுக்கன்போல" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடால் கடைசித் தாளை அறுத்தார். முப்பது வருஷ சர்வீஸில் முதல் குற்றம். சொக்கம்மாள் கோந்து தடவிச் சொந்தப் புத்தகத்தில் ஒட்டினாள். அச்சு அசலாக உட்கார்ந்தது. இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

பிறகுதான் பார்த்தார்கள். 'முற்றும்' என்பதற்குக் கீழே ஊதா நிறத்தில் வட்டமாக நூலக முத்திரை.

"இதுக்குமேல ஒயிட்னர் பக்கம் போனியோ, பாத்துக்கிடுங்க," என்றாள் சொக்கம்மாள். குங்குமச் சிமிழை எடுத்தாள். "நல்ல காரியத்துக்குப் போற புஸ்தகம். மஞ்ச குங்குமம் வச்சு எடுத்துட்டு வந்தோம்னு சொல்லுவோம். யாரு என்ன சொல்லுவா?"

மங்கலமான யோசனைதான். ஒரு பொட்டு வைத்தாள். முத்திரை அதைச் சுற்றி வட்டமாகத் தெரிந்தது. பொட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். ஓரத்தில் 'நூல' என்று எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து அப்பினாள். கடைசியில் அது பொட்டு மாதிரி இல்லை. கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது. அந்த நாவல் முழுக்க இசக்கிப்பாண்டி தேடிய ரத்தம் ஒருவழியாகக் கடைசிப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. சீசன் கூட்டம் குற்றாலத்துக்குப் போகிற சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, ஆட்டோ இலஞ்சிக்குள் நுழைவதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. சட்டைப் பையில் கிழிந்த தாள் உள்ள கவர் உறுத்திக்கொண்டே வந்தது. வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அனுசியா கண்ணில் பட்டுவிடும் என்று அவர்தான் எடுத்து வைத்திருந்தார்.

குற்றாலீஸ்வரன் வாசலுக்கே வந்து கும்பிட்டார். உள்ளே கழுவித் துடைத்த வாழை இலைக்கட்டு பெஞ்சின்மேல் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் இசக்கிப்பாண்டிக்குப் பாதி உயிர் வந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்ததும் வந்த உயிர் போய்விட்டது. அங்கே நாசர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன நாசர், இங்கன?"

"டீச்சர் நம்ம லைப்ரரி மெம்பர்லா சார். வீட்டு விசேசம், வரணும்னு கூப்புட்டாவ." கொஞ்சம் குனிந்து, "புஸ்தகம் படிச்சாச்சா?" என்று கேட்டார்.

இசக்கிப்பாண்டிக்கு நாசர் கையில் விலங்கு இருக்கிற மாதிரியே தெரிந்தது.

ஆனந்தவள்ளி காப்பியோடு வந்தார். நலம் விசாரித்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். "புஸ்தகம் கொண்டாந்தியளா அண்ணாச்சி?"

கொடுத்தார். அந்த அம்மாள் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை, நடுப்பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். குங்குமத்தைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் குங்குமத்தைப் பார்த்தார்.

"மங்கலமா இருக்கட்டும்னு..." என்று ஆரம்பித்த சொக்கம்மாளின் குரல் பாதியிலேயே அமுங்கிவிட்டது.

"கத எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"அருமை மதினி! கண்ணு கலங்கிட்டு. ஸ்டேஷன்ல எல்லாவனும் என்ன சார்னு கேக்கான்."

"கொறைன்னு ஒண்ணுமே தெரியலியா?"

"மருந்துக்குக்கூட இல்ல."

ஆனந்தவள்ளி முகம் சுருங்கியது. "பங்குனி மாசத்துல அவ மெயினருவில குளிக்காளே. அது..."

"அன்பு இருந்தா எந்த மாசத்துலயும் தண்ணி விழும் மதினி!"

அந்த அம்மாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். வேற்று ஆளைப் பார்ப்பது போன்ற பார்வை அது. "அப்படியா," என்று மட்டும் சொல்லி, புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். குற்றாலீஸ்வரன் பின்னாலேயே போனார். அடுப்படியில் கிசுகிசுப்பு கேட்டது. 'நெசமாவே இவர்தானா?' என்று ஒரு தடவை கேட்டது. 'எனக்கு என்னமோ போல இருக்குங்க' என்று ஒரு தடவை கேட்டது.

குற்றாலீஸ்வரன் திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பெஞ்சிலிருந்த இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார்.

சொக்கம்மாள் புருஷன் முழங்கையைப் பிடித்தாள். அப்போது பார்த்து அவர் செல்போன் அதிர்ந்தது. அனுசியா. 'அப்பா கை நனைச்சாச்சா? அவர் என் மெசேஜுக்குப் பதிலே போடல. எல்லாம் நல்லபடிதானே?'

இசக்கிப்பாண்டி அந்த எழுத்துகளைப் பார்த்தார். எத்தனையோ பேரை நாற்காலியில் உட்கார வைத்து, "உண்மையச் சொல்லிட்டா உனக்கு நல்லது" என்று சொல்லியிருக்கிறார். அதன் கஷ்டம் இன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார்.

"மதினி, நான் சொன்னது அம்புட்டும் பொய்."

ஆனந்தவள்ளி திரும்பினார்.

"பழக்கதோஷத்துல கடைசிப் பக்கத்துல எழுதிட்டேன். அழிக்கப் போயி கிழிஞ்சிட்டு. லைப்ரரி புஸ்தகத்துல இருந்து தாள அறுத்து இதுல ஒட்டுனேன். முத்திரைய மறைக்கத்தான் குங்குமம். எம் பொண்ணுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, அவள ஒண்ணும் நெனச்சிராதிய. குத்தம் முழுக்க என்னுது." சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினார். "நான் எழுதுனது இதுல இருக்கு."

பின்னால் நாசர் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஆனந்தவள்ளி தாளை எடுத்துக் கொல்லைப்புற வெளிச்சத்தில் பிடித்தார். கவருக்குள் உரசி உதிர்ந்துபோன ஒயிட்னருக்கு அடியிலிருந்து சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. டீச்சர் அல்லவா, சத்தமாகவே வாசித்தார். முகாந்திரம் இல்லாத காதல், தென்னை மரச் சாட்சி, கை மாறிய கட்டு, வராத தும்மல், எல்லாம் அந்த வீடு முழுக்கக் கேட்டது. சொக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"'பங்குனியில் மெயினருவியில் குளிக்கிறாள். பங்குனியில் அங்கே குரங்குதான் இருக்கும். படிப்பவர் தன் சொந்தப் பொறுப்பில் படிக்கவும்.'" ஆனந்தவள்ளி நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "'ஆனால் பக்கம் 140-ல், கோபித்துக்கொண்டு போகிற மகளிடம் ஒன்றும் பேசாமல், பஸ் ஸ்டாண்டில் குடையைக் கொடுத்துவிட்டு அப்பா நனைந்துகொண்டே திரும்பி நடக்கிறார். அந்த ஒரு பக்கம் உண்மை. பத்துக்கு மூன்று. அந்த மூன்றும் அந்தக் குடைக்கு. 412.'"

ஆனந்தவள்ளி தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மூணுதானா அண்ணாச்சி?"

இந்த இடத்தில் ஒரு அஞ்சு என்று சொல்லியிருக்கலாம். சொக்கம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். இசக்கிப்பாண்டியால் முடியவில்லை.

"மூணுதான் மதினி."

ஆனந்தவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாளை நான்காக மடித்துத் தாலிச் சரடுக்குப் பக்கத்தில் பத்திரமாகச் செருகிக்கொண்டார். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பி, "ஏங்க, எலையப் போடுங்க. பாயசம் ஆறுது," என்றார்.

போட்டார்கள். கூட்டு, பொரியல், அவியல், அப்பளம் எல்லாம் வந்தன. ஆனந்தவள்ளி தன் கையாலேயே இசக்கிப்பாண்டி இலையில் சோற்றை அள்ளி வைத்து, "அடுத்த கதையும் எழுதிட்டிருக்கேன் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார். சொக்கம்மாள் இலைக்கு அடியில் செல்போனை வைத்து மகளுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்தாள். இசக்கிப்பாண்டி கை நனைத்தார். ஆனால் என்ன நடந்தது என்றே அவருக்குப் புரியவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நாசரின் காதோரம் குனிந்தார்.

"ஏன் நாசர், அப்படி எழுதியிருக்கேன், இந்த அம்மாளுக்குக் கோவமே வரலியா?"

நாசர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார். "கோவமா? ஒங்க செவப்பு எழுத்தப் படிக்கத்தான் டீச்சர் கொலைக் கதையே எடுப்பாவ. ரெண்டு வருசமா மாசந்தவறாம அந்தப் புஸ்தகத்த எடுத்து, 412 ஏதாவது எழுதிருக்காரான்னு கடைசிப் பக்கத்தப் பாத்துட்டு மறுநாளே திருப்பிக் குடுத்துருவாவ சார். நீங்க காதல் கதைப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்கல, வேற வழியில்லாமத்தான் ஒங்க பொண்ணக் கேட்டு வந்தாவ."